நீர்க்குறியைப் பதிவு செய்ய எது சரி: பென்சிலா, கேமராவா, கதிர்ப்படமா?

இடைக்கால ஐரோப்பியக் கையெழுத்துப் பிரதிகளில் வேலை பார்க்கத் தொடங்குகிறவர்கள் சீக்கிரமே வந்து முட்டிக்கொள்ளும் இடம் இது. தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் ஒரு மாட்டுத்தலையோ நங்கூரமோ திராட்சைக் குலையோ தெரிகிறது, தாள் செய்யும்போதே அதற்குள் பதிந்த இந்த உருவம்தான் நீர்க்குறி, சரி, அதை எப்படி வீட்டுக்குக் கொண்டுபோவது? டிரேசிங் தாளில் வரைந்துகொள்வதா, ஒளித்தகடு வைத்துப் படம் எடுப்பதா, நூலகத்துக்குப் பணம் கட்டிக் கதிர்ப்படம் கேட்பதா, இல்லை இப்போது பேசப்படும் வெப்பப் படமா? நூலகத்தில் இருக்கப்போவது சில நாள்தான், கையில் இருக்கும் பணமும் கொஞ்சம்தான் என்னும்போது இதில் தப்பான முடிவு எடுத்தால் திரும்பப் போய்ச் சரிசெய்வது நடக்கிற காரியமில்லை.

என் பதிலை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்: பெரும்பாலானவர்களுக்கு ஒளித்தகடும் கேமராவும் போதும். ஆனால் "இந்த இரண்டு தாளும் ஒரே சட்டத்தில் (காகிதக்கூழை அள்ளும் கம்பிச் சட்டத்தைச் சொல்கிறேன்) பிறந்தவையா?" என்பதுதான் உங்கள் கேள்வி என்றால், அதுவும் தாளில் மை அப்பிக் கிடக்கிறது என்றால், அந்தப் பதில் செல்லாது. ஏன் என்று பார்ப்போம்.

கொஞ்சம் அடிப்படை வேண்டும். இத்தாலியில் 13ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் நீர்க்குறி வருகிறது. நமக்குத் தெரிந்த மிகப் பழையது 1282ஐச் சேர்ந்தது. காகிதக்கூழை அள்ளும் கம்பிச் சட்டத்தின் மேல் வளைத்த கம்பி உருவம் ஒன்றைத் தைத்துவிடுவார்கள், அந்த இடத்தில் கூழ் மெலிதாகப் படியும், அதனால் அங்கே ஒளி கூடுதலாக ஊடுருவும். சட்டத்தில் நெருக்கமாக ஓடும் மெல்லிய கம்பிகள், அவற்றைக் குறுக்கே கட்டும் சங்கிலிக் கம்பிகள் எல்லாமே இப்படித் தாளில் தடம் விடுகின்றன. தொட்டிக்கு முன்னால் நிற்பவர் ஒரு சட்டத்தை வைத்து அல்ல, ஒரு ஜோடிச் சட்டத்தை மாற்றி மாற்றி வைத்து வேலை செய்தார் என்பது இங்கே ரொம்ப முக்கியம். ஒருவர் கூழை அள்ளிக்கொண்டிருக்கும்போதே இன்னொருவர் முந்தைய சட்டத்திலிருந்து ஈரத் தாளைக் கம்பளித் துணிமேல் கவிழ்ப்பார். ஆகவே ஒரே ஆலையின் ஒரே சரக்கில்கூட எப்போதும் இரண்டு மாட்டுத்தலைகள் இருக்கும், இரட்டைப் பிள்ளைகள் மாதிரி, முதல் பார்வையில் ஒன்றுபோல, உற்றுப் பார்த்தால் வேறாக. அதோடு சட்டம் தேயும், தையல் அறும், கொம்பு கோணும், திரும்பத் தைப்பார்கள். இந்தச் சின்னச் சின்னக் கோளாறுகள்தான் தாளின் வயதைச் சொல்லிக்கொடுப்பவை.

எதை வைத்து முடிவு செய்வது

முதலாவது உங்கள் கேள்வி. "இது எந்த வகைக் குறி, தோராயமாக எந்தப் பத்தாண்டு?" என்பது ஒன்று. "இந்தக் குறி தேதி தெரிந்த அந்த ஆவணத்தில் இருப்பதேதானா?" என்பது முற்றிலும் வேறு. முதலாவதற்கு ஓரளவு ஒத்த உருவம் போதும். இரண்டாவதற்கு மில்லிமீட்டரும் தையல் புள்ளிகளும் வேண்டும்.

இரண்டாவது, மை. குறிக்குமேல் எழுத்து ஓடுகிறதா, ஓடினால் என்ன மை? இரும்புச் சத்துள்ள மாசிக்காய் வகை மையா, கரி மையா என்பதைப் பொறுத்துச் சில முறைகள் உதவும், சில உதவாது.

மூன்றாவது அனுமதியும் கட்டடமும். கட்டடம் என்று நான் சொல்வது புத்தகக் கட்டைத்தான்: எவ்வளவு திறக்கும், தாளுக்கு அடியில் எதையாவது நுழைக்க முடியுமா. அப்புறம் நேரம், பணம். கடைசியாக, எல்லாரும் மறக்கிற ஒன்று: எடுத்து வந்ததை எதோடு ஒப்பிடப் போகிறீர்கள்? ஒப்பிட இருக்கும் பெரிய தொகுப்புகள் பெரும்பாலும் கையால் வரைந்தவை. அவற்றுக்கு முன்னால் அதிநுட்பமான கதிர்ப்படத்தை வைத்தால் கதிர்ப்படத்தின் நுட்பம் பாதி வீண்.

பென்சிலும் டிரேசிங் தாளும்

இதைப் பழைய முறை என்று தள்ளிவிடாதீர்கள். ஜெனீவாக்காரர் சார்ல் மோயிஸ் பிரிக்கே 1907இல் நான்கு தொகுதிகளாக வெளியிட்ட 16,112 குறிகளும் கையால் வரைந்தவைதான். கெர்ஹார்ட் பிக்கார்ட் சேர்த்து, இன்று ஸ்டுட்கார்ட் ஆவணக் காப்பகத்தில் இருக்கும் சுமார் 92,000 அட்டைகளும் அப்படியே. அந்த அட்டைகள் இப்போது இணையத்தில் தேடக் கிடைக்கின்றன. ஆக, உங்கள் வரைபடத்தை அவர்கள் வரைபடத்தோடு ஒப்பிடுவது ஒரே மொழியில் பேசுவதுதான்.

செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை. மை எழுத்தைத் தாண்டிக் கண்ணே குறியைப் பிரித்து எடுத்துக்கொள்கிறது, அதாவது எந்த மென்பொருளும் வேண்டாம். வரையும்போது நீங்கள் அந்தக் குறியை உண்மையிலேயே பார்க்கிறீர்கள் என்பது இன்னொரு லாபம். படம் எடுத்துத் தள்ளுகிறவர்கள் பாதிப் பேர் நூலகத்தில் எதையும் பார்ப்பதே இல்லை.

மறைந்திருக்கும் செலவு துல்லியத்தில். பென்சில் முனையின் தடிமன், தலை கொஞ்சம் சாய்ந்தால் மாறும் பார்வைக் கோணம், கோடு அரைகுறையாகத் தெரிந்த இடத்தில் கை தானாகப் போட்டுக்கொள்ளும் வளைவு, எல்லாம் சேர்ந்தால் இரட்டைச் சட்டங்களுக்கு இடையே இருக்கும் வேறுபாட்டை விட உங்கள் பிழை பெரிதாகிவிடும். ஒரே குறியை ஒரே ஆள் காலையிலும் மாலையிலும் வரைந்தால் ஒத்துப்போகாது, வேண்டுமானால் செய்து பாருங்கள். பிரிக்கேயின் புத்தகத்தில் உள்ளதற்கும் உங்கள் தாளுக்கும் "அதே குறி" என்று ஒருவர் எழுதினால் எனக்கு உடனே சந்தேகம் வருவது இதனால்தான். "அந்த வகை" என்று சொல்லலாம், "அதே" என்று சொல்ல வரைபடம் இடம் கொடுக்காது.

இன்னொன்று அழுத்தம். மென்மையான தாளின்மேல் பென்சிலை ஓட்டுவதைப் பல நூலகங்கள் விரும்புவதில்லை. இடையில் தெளிவான பாலியெஸ்டர் தாள் வைக்கச் சொல்வார்கள், சில இடங்களில் அறவே கூடாது என்பார்கள். பென்சிலைச் சாய்த்துத் தேய்த்து எடுக்கும் முறையை நான் பரிந்துரைக்கவே மாட்டேன்.

படம் எடுக்க விடாத சின்ன மடாலய நூலகம், நூற்றுக்கணக்கான தாள்களில் எந்தக் குறிகள் வருகின்றன என்று வேகமாக ஒரு கணக்கெடுப்பு, பிரிக்கே அல்லது பிக்கார்டில் வகையை மட்டும் கண்டுபிடிக்கும் வேலை: இங்கெல்லாம் பென்சில்தான் சரி.

ஒளித்தகடும் கேமராவும்

இப்போது கிடைக்கும் எல்இடி ஒளித்தகடு ஓர் அட்டை கனம்தான் இருக்கும், சூடாகாது, தாளுக்கு அடியில் நுழைத்துவிடலாம். மேலே கேமரா, தாளுக்கு நேர் இணையாக. பக்கத்திலேயே, தாளின் அதே மட்டத்தில், மில்லிமீட்டர் அளவுகோல். இந்த அளவுகோலைத்தான் ஜனங்கள் மறக்கிறார்கள். அது இல்லாத படத்தை உண்மையான அளவுக்குக் கொண்டுவர வழியே இல்லை, அப்போது அது ஒரு அழகான மாட்டுத்தலை, அவ்வளவுதான்.

எழுத்து குறுக்கே வரும் தாளுக்கு ஒரு தந்திரம் உண்டு. தாளையும் கேமராவையும் அசைக்காமல் இரண்டு படம்: ஒன்று மேலிருந்து வரும் சாதாரண வெளிச்சத்தில், இன்னொன்று அடியிலிருந்து வரும் வெளிச்சத்தில் மட்டும். முதல் படத்தில் எழுத்து மட்டும் இருக்கிறது, இரண்டாவதில் எழுத்தும் குறியும். ஜிம்ப் போன்ற இலவச மென்பொருளிலேயே ஒன்றின்மேல் ஒன்றை வைத்து இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் முன்பக்க எழுத்து பெருமளவு மங்கிவிடும்.

ஆனால் முன்பக்க எழுத்து மட்டும்தான். அடியிலிருந்து வெளிச்சம் வரும்போது பின்பக்க எழுத்தும் தெரியுமே, அது முதல் படத்தில் இல்லாததால் கழியாது. அதற்குத் தாளைத் திருப்பிப் பின்பக்கத்தையும் ஒரு படம் எடுத்து, இடம் வலம் மாற்றி, பொருத்தமாக மேலே வைக்க வேண்டும். இந்தப் பொருத்தம்தான் உயிரை வாங்கும். ஒளித்தகட்டை நுழைக்கும்போதே தாள் லேசாக வளைகிறது, திருப்பினால் வேறு மாதிரி வளைகிறது, ஒரு மூலையில் ஒத்துப்போனால் இன்னொரு மூலை விலகும். நூலகத்தில் ஒரு தாளுக்குச் சில நிமிடம்தான் ஆகும், வீட்டுக்கு வந்தபின் அதே தாள் ஒரு மாலைப்பொழுதைத் தின்னும் என்று கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். கேமரா முறையின் உண்மையான விலை இதுதான், கேமராவின் விலை அல்ல.

கேமராவை நிறுத்தும் முக்காலிக்குத் தடை, படங்களை வெளியிடத் தனி அனுமதி, கட்டணம் போன்ற தொல்லைகளும் உண்டு. முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது.

அப்புறம் தாள் மடிப்பு. ஃபோலியோவில், அதாவது முழுத்தாளை ஒருமுறை மட்டும் மடித்த புத்தகத்தில், குறி ஓர் இலையின் நடுவே முழுசாக உட்கார்ந்திருக்கும், ஜோடி இலையில் ஒன்றும் இருக்காது, சங்கிலிக் கோடுகள் மேலிருந்து கீழாக ஓடும். இரண்டுமுறை மடித்த குவார்ட்டோவில் கோடுகள் குறுக்கே ஓடும், குறியோ நடு மடிப்பில் விழுந்து பாதி இந்த இலையில், பாதி அந்த இலையில். தையலுக்குள் புதைந்த பகுதி எந்தக் கேமராவுக்கும் கிடைக்காது. மூன்றுமுறை மடித்த ஆக்டேவோவில் இன்னும் மோசம், மேல் உள்மூலையில் நாலு இலைகளில் துண்டு துண்டாக. ஃபோலியோக்காரர்கள் கேமராவை எடுத்துக்கொண்டு தைரியமாகப் போகலாம்; ஆக்டேவோக்காரர்கள் எந்த முறையை எடுத்தாலும் பாதிக் குறிகளை ஒட்டவைக்கும் வேலை இருக்கிறது என்று மனசைத் தயார் செய்துகொள்ளவும்.

பீட்டா கதிர்ப்படம்

1950களின் கடைசியில் சோவியத் ஆய்வாளர் ஒருவர் லெனின்கிராடில் கொண்டுவந்த முறை. கார்பன் 14 கலந்த மெல்லிய பிளாஸ்டிக் தகட்டைத் தாளின் ஒரு பக்கமும் படச்சுருளை மறுபக்கமும் ஒட்ட வைத்து இருட்டில் விட்டுவிடுவார்கள். தகட்டிலிருந்து வரும் பீட்டா துகள்கள் தாளின் கனத்துக்கு ஏற்பத் தடுக்கப்படும். மெலிந்த இடம், அதாவது குறியும் கம்பிக் கோடுகளும், படத்தில் பளிச்சென்று பதியும். மை தாளின் எடையில் கூட்டுவது சொற்பம் என்பதால் எழுத்து கிட்டத்தட்ட மறைந்தே போகிறது. ஈய வெள்ளை, பொன் போன்ற கனமான வண்ணம் இருந்தால் மட்டும் அது தெரியும்.

கிடைக்கும் படத்தை முதன்முதலில் பார்க்கிறவர் கொஞ்சம் அசந்துதான் போவார். மாட்டின் காதோரம் கம்பியைச் சட்டத்தோடு கட்டிய தையல் புள்ளிகள் ஒவ்வொன்றும், நெருக்கக் கோடுகளில் எது எங்கே வளைந்திருக்கிறது என்பதும், உண்மையான அளவிலேயே. இரட்டைச் சட்டங்களைப் பிரிக்க இதை விடச் சிறந்தது எளிதில் கிடைக்காது.

விலை? பல மணி நேரம், சில சமயம் ராத்திரி முழுக்க ஒரே ஓர் இலை. கதிரியக்கப் பொருள் என்பதால் அந்தத் தகட்டை வைத்திருக்கும் நூலகங்கள் குறைவு, வைத்திருப்பவையும் அவர்கள் ஆளே எடுத்துத் தருவார்கள், நீங்கள் தொட முடியாது. தகடும் படச்சுருளும் தாளோடு ஒட்டி இருக்க வேண்டும், ஆகவே இறுக்கமான கட்டில் உள்மடிப்புப் பக்கம் மங்கும். வரிசையில் காத்திருக்க வேண்டிவரும். ஐந்து இலைக்குக் கேட்டால் தருவார்கள், ஐம்பதுக்குக் கேட்டால் பதில் வராது.

குறைந்த மின்னழுத்தத்தில் எடுக்கும் மென் எக்ஸ்ரே இதே வேலையை நிமிடக் கணக்கில் செய்துவிடும், பெரிய தாளுக்கும் சரிப்படும், ஆனால் புத்தகம் ஆய்வுக்கூடத்துக்குப் போக வேண்டும். பாதுகாப்புப் பிரிவு ஒத்துக்கொண்டால் யோசிக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஓர் உதாரணம். மிசாலே ஸ்பெசியாலே என்றொரு பழைய அச்சு வழிபாட்டு நூல், குட்டன்பர்க் பைபிளுக்கும் முந்தையது என்று பல அறிஞர்கள் அச்செழுத்தின் நிலையை வைத்து வாதாடிக்கொண்டிருந்தார்கள். தாள் ஆய்வாளர் ஆலன் ஸ்டீவன்சன் அதன் தாள்களில் உள்ள குறிகளை எடுத்து, தேதி தெரிந்த மற்றத் தாள்களில் அதே சட்டங்கள் எந்த அளவு தேய்ந்த நிலையில் வருகின்றன என்று ஒவ்வொன்றாக ஒப்பிட்டு, நூல் 1473ஐச் சேர்ந்தது என்று நிறுவினார். 1967இல் அது புத்தகமாக வந்தபின் விவாதம் அடங்கியது. இருபது ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வித்தியாசம்! "மாட்டுத்தலை வகை" என்ற அளவில் நின்றிருந்தால் அது முடிந்திருக்காது. இந்தச் சட்டம், இந்தத் தேய்வு என்ற அளவில் பார்த்ததால்தான் முடிந்தது.

வெப்பப் படம்

தாளுக்குப் பின்னால் லேசாகச் சூடான தகடு, முன்னால் அகச்சிவப்புக் கேமரா. மெலிந்த இடத்தில் வெப்பம் கூடுதலாக ஊடுருவும், குறி தெரியும். இரும்பு மை இந்த அலைநீளத்தில் ஏறக்குறையக் கண்ணாடி போல ஆகிவிடுவதால் எழுத்து தொல்லை தராது. நேரம் சில வினாடிகள். பெர்லின் மாநில நூலகம் இசைக் கையெழுத்துகளுக்கு இதைப் பயன்படுத்தியிருக்கிறது.

கரி மைக்கு இது எடுபடாது, அது அகச்சிவப்பிலும் கறுப்பாகவே நிற்கும். கேமராவின் விலை தனி ஆளுக்குக் கட்டுப்படியாகாது. நூலகத்திடமே இருந்தால் கதிர்ப்படத்துக்கு முன்னால் இதைக் கேளுங்கள், ஒரே நாளில் நிறைய இலைகள் முடியும். இல்லையென்றால் இதை மறந்துவிடுங்கள்.

| | பென்சில் | ஒளித்தகடு, கேமரா | பீட்டா கதிர்ப்படம் | வெப்பப் படம் |
|---|---|---|---|---|
| ஓர் இலைக்கு நேரம் | சில நிமிடம் | சில நிமிடம், வீட்டில் மீதி | பல மணி நேரம் | வினாடிகள் |
| மை மறைக்குமா | கண் பிரித்துவிடும் | ஆம், ஓரளவு கழிக்கலாம் | அநேகமாக இல்லை | இரும்பு மை இல்லை, கரி மை ஆம் |
| ஒரே சட்டமா என்று சொல்லுமா | சொல்லாது | நன்றாக எடுத்தால் சொல்லும் | சொல்லும் | பெரும்பாலும் சொல்லும் |
| யார் செய்வார் | நீங்கள் | நீங்கள் | நூலகம் | நூலகம் |
| மறைசெலவு | துல்லியம் | பொருத்தும் உழைப்பு | காத்திருப்பு | கருவி கிடைப்பது |

அப்படியானால் யாருக்கு எது

தேதியில்லாத 15ஆம் நூற்றாண்டு ஃபோலியோ, பத்தாண்டு அளவில் தேதி போதும் என்றால் கேமரா. முதலில் எல்லா இலைகளையும் வெறுமனே ஒளித்தகட்டில் புரட்டி, எத்தனை வகைக் குறிகள் வருகின்றன என்று பட்டியல் போடுங்கள். ஒவ்வொரு வகையிலும் இரட்டைகள் இரண்டையும் கண்டுபிடித்து, எழுத்து குறைவாக விழுந்த இலையைத் தேர்ந்தெடுத்து எடுங்கள். மார்ஜினில் கொம்பு தெரியும் இலை, நடுப்பகுதி வெறுமையாக விட்ட இலை என்று தேடினால் பல புத்தகங்களில் மை பிரச்சினையே பாதி தீர்ந்துவிடும். எல்லாவற்றையும் படம் எடுப்பதை விட இந்தத் தேடலுக்கு அரைநாள் கொடுப்பது மேல்.

குறி மாட்டுத்தலை என்றால் மட்டும் ஜாக்கிரதை. பிக்கார்ட் மாட்டுத்தலைக்கு மட்டுமே மூன்று தொகுதி ஒதுக்க வேண்டி வந்தது, அவ்வளவு கூட்டம். இங்கே பென்சில் வரைபடத்தோடு போனால் ஒத்துப்போகிற மாதிரி நிறையக் கிடைக்கும், எதையும் நம்ப முடியாது. அளவோடு எடுத்த படம் வேண்டும்.

இரண்டு நூலகங்களில் பிரிந்து கிடக்கும் இலைகள் ஒரே புத்தகத்திலிருந்து வந்தவை என்று வாதாடப் போகிறீர்களா, யாரோ பின்னால் போட்ட போலித் தேதியை உடைக்கப் போகிறீர்களா, அப்போது இரண்டு மூன்று இலைக்காவது கதிர்ப்படம் கேளுங்கள். எல்லா இலைக்கும் வேண்டாம். கேமராவில் எடுத்துப் பார்த்து, எது தீர்மானமான இலை என்று தெரிந்தபின், அதற்கு மட்டும்.

இஸ்லாமிய உலகத்தின் இடைக்காலத் தாள் என்றால் கதையே வேறு, அங்கே உள்ளூர்த் தாளில் நீர்க்குறியே கிடையாது. சங்கிலிக் கோடுகள் இரண்டிரண்டாக, மும்மூன்றாகக் கூடியிருக்கின்றனவா, நெருக்கக் கோடுகள் எப்படி ஓடுகின்றன என்பதைத்தான் பார்க்க வேண்டும், அதற்கு ஒளித்தகடு தாராளமாகப் போதும். பிற்காலக் கையெழுத்தில் மூன்று பிறைகள் தெரிந்தால் அது இத்தாலியிலிருந்து இறக்குமதியான தாளாக இருக்க வாய்ப்பு அதிகம்.

எந்த முறையானாலும் எழுதி வைக்க வேண்டியவை

இது இல்லாமல் கதிர்ப்படமும் குப்பைதான். எந்த இலை. குறி இலையின் எந்தப் பகுதியில். சட்டத்தைத் தொட்ட பக்கத்திலிருந்து பார்த்தீர்களா, மறுபக்கத்திலிருந்தா. இதை எழுதாவிட்டால் இடம் வலம் மாறி, இரட்டைகளில் எது எது என்பதே குழம்பிவிடும். பக்கவாட்டில் டார்ச் அடித்தால் கம்பிகளின் பள்ளம் தெரியும் பக்கம்தான் சட்டப் பக்கம். குறியின் உயரம், அகலம், இரு பக்கமும் உள்ள சங்கிலிக் கோடுகளுக்கு எவ்வளவு தூரம், 20 மில்லிமீட்டருக்குள் எத்தனை நெருக்கக் கோடுகள். வெட்டுப்படாத தாளானால் முழு அளவும். இத்தாலியின் போலோஞ்ஞாவில் தாள் அளவுகளைப் பொறித்து வைத்த ஒரு கல் இருக்கிறது, பெரிய இம்பீரியல் 74க்கு 50 சென்டிமீட்டர், சின்ன ரெசூட்டே 45க்கு 31.5, உங்கள் தாள் எந்த ரகம் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

ஒரு குறி புத்தகம் முழுக்க வருகிறதா, ஓரிரு இலையில் மட்டும் வருகிறதா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். மொத்தமாக வாங்கித் தொடர்ந்து பயன்படுத்திய சரக்குதான் தேதி சொல்லும். இடையில் செருகிய ஒற்றை மிச்சத் தாள், எழுதியவரின் பெட்டியில் பல வருஷம் கிடந்ததாக இருக்கலாம், அதை வைத்துத் தேதி போடாதீர்கள்.

பயணச்சீட்டு எடுப்பதற்கு முன்னால் நூலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். சொந்த ஒளித்தகடு கொண்டுவரலாமா, உங்களிடமே இருக்கிறதா? முக்காலிக்கு அனுமதி உண்டா? இந்தக் கையெழுத்து எவ்வளவு கோணம் திறக்கும்? கதிர்ப்படமோ வெப்பப் படமோ எடுத்துத் தருவீர்களா, எவ்வளவு நாள் ஆகும்? அந்த இலைகளுக்கு ஏற்கெனவே யாராவது கதிர்ப்படம் எடுத்திருந்தால் அதையும் கேட்டுவிடுங்கள், பல சமயம் பழைய கோப்பில் இருக்கும், வெறும் நகல் கட்டணத்தில் கிடைத்துவிடும்.